விழுந்த பழமும் நீ எழுதிய சொல்லும்

அன்புள்ள மகனுக்கு,

இங்கு யாவரும் நலம் என்று எழுதித்தான் தொடங்கினேன். உன் அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பொய்யில தொடங்கிற காயிதம் உருப்படாது" என்றாள். வெட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குகிறேன். எங்கள் எல்லோருக்கும் உடம்பு சுகம், மற்றதொன்றும் சுகமில்லை. நீ இருக்கிற பாலைவனத்தில், ஊரிலிருந்து ஒருவனுக்குக் கடிதம் வந்தால் அறையிலுள்ள தீவுப்பகுதிப் பொடியள் எல்லோரும் சுற்றியிருக்க, ஒருவன் சத்தமாக வாசிப்பான் என்று எழுதியிருந்தாய். இதையும் அப்படியே வாசியுங்கள். இங்கே மடத்துவெளியில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அதைத் தெரியாமல் இருப்பவன் நீ ஒருவன்தான்.

பனங்கூடலைச் சுற்றி முள்ளுக்கம்பி அடிக்கச் சொல்லிப் பணம் அனுப்பியிருந்தாய். தங்கச்சிக்கு எழுதப்போகிற காணி, நாரந்தனை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வரும்போது நாலு பக்கமும் அடைப்பாக, பார்வையாக இருக்க வேண்டும் என்றாய். அந்த வெயிலில் நின்றுகொண்டு தங்கச்சியின் காணி எல்லையை யோசிக்கிற அண்ணன் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை வந்தால் உன் அப்பனுக்கு வீட்டில் இருக்கேலாது என்பது உனக்குத் தெரியும். கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். மர வாங்கிலிருந்த நாலு பேருக்கு முன்னால், கூத்துக்காரன் மாதிரிக் குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். கம்பி வந்தது, கட்டை வந்தது, அதற்கு அடுத்த வரியும் வந்தது: 'அந்தப் பொறுக்கியளை இனி வளவுக்குள்ளை விடாதேங்கோ.' கண் கண்டு சொல்வதற்குள் வாய் சொல்லிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் கடதாசியில் சுற்றிய சீனிச் சரையைக் கையில் வைத்துக்கொண்டு பூமணி நிற்கிறாள். சரையின் வாயை இன்னொரு தரம் முறுக்கினாள், போய்விட்டாள்.

பூமணியை உனக்குத் தெரியும். ஆனால் தெற்கு ஒழுங்கை முடிவில் கொட்டில் போட்டிருக்கிற பெண் என்ற அளவில்தான் தெரியும். புருஷன் வன்னிக்கு வேலைக்கென்று போய், திருவிழாவுக்கு மட்டும் முகம் காட்டுகிறவன். வீட்டில் பெண் பிள்ளைகள். ஆவணியும் புரட்டாசியும் நம்முடைய பனங்கூடலில் விழுகிற பழத்தைப் பொறுக்கி, களியைப் பிசைந்து, பாயில் ஊற்றிக் காயவைத்துப் பினாட்டு ஆக்குவாள். மாரி முழுக்க, வேலையில்லாத நாட்களில், அந்த வீட்டு வயிறுகளைத் தாங்குவது அந்தப் பினாட்டுத்தான். நீ 'பொறுக்கியள்' என்று எழுதியபோது உன் மனதில் ஒரு கூட்டம் இருந்திருக்கும். இங்கே அந்தக் கூட்டத்துக்கு இருந்தது இந்த ஒரு முகம்தான்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஆரைச் சொல்லுறான்?"

"பூமணி ஆக்களைத்தான்."

"அவள் பொறுக்கியெண்டால் அப்ப நான் ஆர்?"

"நீர் அவன்ரை அம்மா."

"அவளும் நானும் ஒண்டாப் பொறுக்கின ஆக்கள் எண்டு அவனுக்குச் சொல்லேல்லையோ?"

"சந்தர்ப்பம் வரேல்லை."

"மீசை முளைச்சு, வெளிநாட்டுக்கும் போட்டான். இன்னும் வரேல்லையோ?"

அந்தச் சந்தர்ப்பத்தை இப்போது உண்டாக்குகிறேன். ஆனால் முதலில் அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். நான் பண்டிதனில்லை, தோசைக்கு மா அரைத்தவன். ஆனாலும் வாசிகசாலைக்குப் போய், முன்னட்டை போன அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்தல், தெரிந்தெடுத்தல் என்ற மாதிரிப் போட்டிருந்தது. ஏச்சு என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. அந்தப் பக்கத்தின் மூலையைக் கறையான் தின்றிருந்தது. அதற்குள் இருந்ததோ தெரியாது. நான் யோசித்துப் பார்த்த அளவில் இந்தச் சொல் முதலில் பறவைகளுடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும். கோழி இரை பொறுக்குகிறது, புறா நெல் பொறுக்குகிறது என்று இன்றைக்கும் சொல்கிறோம். அலகு செய்த வேலையை விரல் செய்யத் தொடங்கியதும் சொல்லும் கூடவே மனிதரிடம் வந்திருக்கும். சுளகில் கல் பொறுக்கினோம், விதைக்கு மணி பொறுக்கினோம். தங்கச்சிக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி நீயே போன கடிதத்தில், 'பொறுக்கி எடுத்த மாப்பிள்ளை' என்று எழுதியிருந்தாய். அப்போது அந்தச் சொல்லில் சந்தனம் மணத்தது. இந்தக் கடிதத்தில் அதே சொல் நாறுகிறது. இடையில் என்ன நடந்தது? என் எண்ணத்தில், இது பட்டணத்தின் வேலை. பட்டணத்தில் மரத்திலிருந்து ஒன்றும் விழுவதில்லை. அங்கே ஒருவன் குனிந்து எதையாவது எடுத்தால் அது இன்னொருவன் எறிந்ததாகத்தான் இருக்கும். விழுந்ததை எடுப்பவனையும் எறிந்ததை எடுப்பவனையும் பட்டணம் ஒரே பேரால் கூப்பிட்டது. நீயும் கொழும்பிலே இரண்டு வருஷம் இருந்துதானே விமானம் ஏறினாய்?

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புத்தகத்தில் படித்து வந்ததில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது, தெற்கே ஒரு சின்னப் பட்டினத்தில் நான் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தேன். மத்தியானத்தில் வாசலில் ஆட்கள் இடத்துக்குக் காத்து நிற்பார்கள். கலவரம் வந்தது, கடை எரிந்தது. நம்மை ஒரு மண்டபத்துக்குள் கொண்டுபோய் அடைத்தார்கள். பசியோடு கிடந்தோம். பிறகு ஒரு லொறி வந்து வாசலில் நின்றது. அதன் மேலே நின்றவர்கள் பாண் ரொட்டியை எறிந்தார்கள். கெட்ட மனதோடு எறிந்தார்கள் என்று சொல்லமாட்டேன். இறங்கிவந்து கொடுக்க நேரமில்லாமல் இருந்திருக்கலாம். நான் ஓடிப்போய், ஒரு கிழவரின் காலடியில் விழுந்த பாணை அவர் குனிவதற்குள் எடுத்தேன். அதில் உனக்கு ஊறவைத்துத் தீத்தினோம். அது எறிந்தது. ஊருக்கே சோறு போட்டவன் நான். அந்தப் பாண் தொண்டைக்குள் போன விதத்தை இன்றைக்கும் எழுத வரவில்லை.

அதற்குப் பிறகு கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். மடத்துவெளிக்கு வந்து அம்மாவின் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் ஒண்டினோம். முதலில் வாழையிலையில் சோறு வந்தது. கொஞ்ச நாளில் கோப்பையில் வந்தது. பிறகு நாங்கள் முற்றத்தில் நிற்கிற நேரமாகப் பார்த்துக் குசினிக் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. அவர்களைக் குறை சொல்லாதே, அவர்களுக்கும் ஒரு பானைதான். அப்போதுதான் புதிதாகக் கலியாணம் முடித்து ஒழுங்கை முடிவுக்கு வந்திருந்த பூமணி, அம்மாவை விடிய முந்திப் பனங்கூடலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிற்காலத்தில் நான் வாங்கி, இப்போது நீ கம்பி போடச் சொன்ன அதே கூடல்தான். அன்றைக்கு அது வேறொருவருடையது. அவர் ஒரு நாளும் 'ஏன் வந்தீர்' என்று கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, எங்கள் பக்கத்து முறை அது. விழுந்த பழம் முதலில் கை வைத்தவருக்கு. களியைப் பிசைந்து எடுத்த பிறகு, கொட்டையை அந்தக் காணியின் மூலையிலேயே கொண்டுவந்து குவித்துவிட வேண்டும். காணிக்காரர் அதைக் கிழங்குப் பாத்தியில் அடுக்கிக்கொள்வார். பழம் பொறுக்கினவருக்கு, கொட்டை காணிக்கு. யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை, யாரும் யாரையும் குனிந்து பார்ப்பதுமில்லை.

நானும் ஒரு நாள் போனேன். வீட்டில் படுத்துக்கிடந்து அம்மா பொறுக்கியதைத் தின்பது எவ்வளவு நாளைக்கு? ஆனால் முதலாளியாயிற்றே! எரிந்த கடையிலிருந்து மிஞ்சியவை என் சப்பாத்தும் குடையும்தான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு, காற்று வாங்க வந்தவன் மாதிரிப் பனங்கூடலுக்குள் நுழைந்தேன். பூமணி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்ன முதலாளி, குடை பழத்துக்கோ, மானத்துக்கோ?" குடையை மடக்கினேன். வெட்கத்தில் அவசரப்பட்டு முதலில் கண்டதைத் தூக்கினேன். "அது மாடு சூப்பிப்போட்டு விட்டது, அண்ணை. மாட்டுக்கே குடுங்கோ, பாவம், தேடப்போகுது" என்றாள். உன் அம்மா மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கப்பலை விட்டு இறங்கிய பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த மாரி முழுக்க நீ பினாட்டுத் தின்றுதான் நடை பழகினாய். உன் பல் முளைத்ததும் அதைக் கடித்துத்தான்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். மகன் சொன்னால் மறுக்கத் தெரியாத அப்பன், அதுவும் மகன் பணத்தில் சாப்பிடுகிற அப்பன், கம்பி அடித்தேன். நாரந்தனையிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து, கம்பியை விரலால் சுண்டிப் பார்த்துத் தலையாட்டினார். உள்ளே மரங்களை அண்ணாந்து பார்க்கக்கூட இல்லை. பிறகு ஆவணி பிறந்தது. பழம் விழத் தொடங்கியது. படுக்கையில் கிடந்தால் 'தொம்' என்று கேட்கும். அதற்குப் பிறகு சருகில் ஓடி வருகிற கால் சத்தமும், "நான் கண்டன், நான் கண்டன்" என்ற பெண் பிள்ளைகளின் குரலும் கேட்கும்; அதுதான் இத்தனை வருஷமும் எங்களுக்கு விடிகிற சத்தம். இந்த முறை 'தொம்' மட்டும் கேட்டது. அவ்வளவுதான். கூடலுக்குள் போய்ப் பார்த்தால் பழங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்து கறுத்து, இலையான் மொய்த்து, புளித்த வாடை ஒழுங்கைவரை அடிக்கிறது. எங்கள் வீட்டில் பினாட்டுப் போடுகிற அம்மாவின் கைக்கு இப்போது வாதம். தங்கச்சிக்குத் தையல் வகுப்பு. எனக்குக் குனிந்தால் நிமிர ஆள் வேண்டும்.

அப்போதுதான் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். நல்ல பழமாகப் பார்த்துப் பனையோலைக் கடகம் நிறைய எடுத்து, கழுவி, மேலே துணியும் போட்டு, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பூமணி வீட்டுப் படலையில் போய் இறங்கினேன். பெரிய தர்மவான் என்ற நினைப்பு எனக்கு.

"என்ன அண்ணை, கோயில் பிரசாதமோ?" என்றாள்.

"உங்கடை பழம்தான், பூமணி."

"எங்கடை பழமெண்டால் மரத்துக்குக் கீழை கிடந்திருக்கும். இது சைக்கிளில வந்திருக்கு."

"கம்பி பொடியன்ரை விருப்பம். தங்கச்சியின்ரை விசயம் முடியட்டும் எண்டுதான்..."

"பொடியனை நான் குறை சொல்லேல்லை. நான் உங்களைக் கேக்கிறன். இண்டைக்கு இதை வாங்கினால், நாளைக்கு வளவு கூட்ட வா எண்டு உங்கடை வீட்டிலை கூப்பிட்டால், ஏலாது எண்டு சொல்ல எனக்கு வாய் வருமோ? விழுந்த பழம் என்னை ஒண்டுக்கும் கூப்பிடாது, அண்ணை. கொண்டு போங்கோ. கடகத்தையும் கொண்டு போங்கோ."

திரும்பி வரும்போது கடகம் போகும்போது இருந்ததைவிடப் பாரமாக இருந்தது. அம்மா பழத்தை மாட்டுக்குக் கொட்டினாள். கடகத்தைக் கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த நாள் விடிய எழும்பினால் ஆளுமில்லை, கடகமுமில்லை. "அம்மா கடற்கரைக் கூடலுக்குப் போட்டா" என்று தங்கச்சி சாதாரணமாகச் சொல்கிறாள். காணிக்காரர் கொழும்பில் இருக்கிற, ஆள் பார்க்காத கூடல் அது. கம்பி போட்ட நாளிலிருந்து பூமணி அவ்வளவு தூரம் நடந்துதான் பொறுக்குகிறாள். எனக்குக் கவலை இரண்டு. வாதம் பிடித்த கை ஒரு பக்கம். அந்தக் கூடல் பஸ் போகிற தெருவோரம் என்பது மறுபக்கம். வெளிநாட்டுப் பிள்ளையின் தாய், கலியாணம் பேசியிருக்கிற பெண்ணின் தாய், கடகத்தோடு குனிந்து நிற்கிறாள் என்றால் நாரந்தனைக்குச் செய்தி பஸ்ஸைவிடக் கெதியாகப் போகும். சைக்கிளை மிதித்தேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது.

"அது நான் கண்டது, அக்கா."

"கண்டது கணக்கில்லை. கை வைச்சது ஆர்?"

"வெளிநாட்டுக்காரன்ரை தாய்க்கு இந்த ஒரு பழத்திலை என்ன குறை வந்திட்டுது?"

"வெளிநாட்டுக்காரன்ரை காயிதத்தைக் கரைச்சுக் குடிக்க ஏலுமோ? விடடி பழத்தை."

"விட மாட்டன்."

தாழம் புதருக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடையில் சரையை முறுக்கிய நாளுக்குப் பிறகு பூமணி எங்களில் ஒருவரோடு சண்டை பிடிப்பது அதுதான் முதல் தடவை. நான் அவள் படலையில் நின்றபோது அவள் கதைத்தது மரியாதையாக. மரியாதை எனக்குப் பயத்தைத் தந்தது. இது வேறு குரல். சண்டை முடிந்து, மூச்சு வாங்க இருவரும் ஒரு பனை வடலியடியில் இருந்தபோது அம்மா கேட்டாள்: "கம்பியைக் கழட்டினால் வருவியோ?" பூமணி கடகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கம்பியைக் கழட்ட ஆளிருக்கு, அக்கா. அந்தப் பிள்ளையை நானும் இடுப்பில வைச்சுக்கொண்டு பொறுக்கினனான். அவன்ரை வாயிலயிருந்து அந்தச் சொல் வந்திருக்கக் கூடாது" என்றாள். நான் வந்த சுவடு தெரியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன்.

நான் பயந்தபடியே தரகர் வந்தார். கதிரையில் இருந்து, தொண்டையைச் செருமி, "நாரந்தனையிலை ஒரு கதை கேட்டவை. பொம்பிளையின்ரை தாய் கடற்கரையிலை பழம் பொறுக்கிறாவாம். உண்மையோ?" என்றார். நான் உடனே, வாதத்துக்கு நடை நல்லது என்று வைத்தியர் சொன்னவர், வழியில் ஒன்றிரண்டு கண்ணில் பட்டிருக்கும் என்று ஒரு கதையைக் கட்டத் தொடங்கினேன். குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஓம், உண்மை. இந்த முறை பழம் நல்லா விழுகுது எண்டும் சொல்லுங்கோ." தரகர் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினார். நான் தங்கச்சியைப் பார்த்தேன், அழப்போகிறாள் என்று. அவள் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "அவையளுக்குக் கம்பிதான் வேணுமெண்டால், கம்பிக்குத் தாலி கட்டட்டும்" என்றாள். அன்றைக்கு அப்படிச் சொன்னவள், பின்னேரம் கிணற்றடியில் தனியாக நெடுநேரம் முகம் கழுவினாள். அதையும் நீ அறிய வேண்டும். நாரந்தனையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அவர்கள் விலகினால், அதில் உன் பங்கு எவ்வளவு, என் வாயின் பங்கு எவ்வளவு, அம்மாவின் பிடிவாதத்தின் பங்கு எவ்வளவு என்று நாங்கள் மூன்று பேரும் ஆயுள் முழுக்கப் பிரித்துக்கொண்டிருக்கலாம்.

போன கிழமை ஒழுங்கைப் பக்கத்துக் கம்பியைக் கழற்றினேன். கையெல்லாம் கீறல். ஆளைப் பிடித்துச் செய்திருக்கலாம். நானே செய்யவேண்டும் போலிருந்தது. நீ உழைத்த காசு, உன்னைக் கேட்காமல் கழற்றியது பிழைதான். அதற்காக நீ என்னை ஏசி எழுதலாம். பொடியள் முன்னால் வாசிக்கக்கூடிய ஏச்சாக எழுது. ஆனால் ஒன்றை விளங்கிக்கொள். காணியை நீ சுற்றி அடைத்தபோது திருடரைத்தான் வெளியே நிறுத்துகிறாய் என்று நினைத்தாய். ஊரில் ஒருவருக்கும் கடமைப்படாமல் தின்னக்கூடிய ஒரே சாப்பாட்டைத்தான் வெளியே நிறுத்தினாய். கொடுப்பவன் இல்லாத சாப்பாடு அது. நானும் நீயும் இப்போது கொடுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டோம், அதனால் அதன் அருமை நமக்கு மறந்துபோகிறது. நீ அங்கே கூலிக்கு நிற்கிற முதலாளி உனக்குச் சம்பளத்தைக் கையில் தருகிறானா, மேசையில் எறிகிறானா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கப் பயம். ஆனால் உனக்குத் தெரிந்திருக்கும்.

கம்பி கழன்ற பிறகும் பூமணி வரவில்லை. பிள்ளைகளையும் விடவில்லை. அம்மா மட்டும் கடகத்தைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக் கூடலுக்குப் போய், அவளோடு சண்டை பிடித்துவிட்டு வருகிறாள். புரட்டாசி பாதி போய்விட்டது. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழை தொடங்கினால் பாயில் பினாட்டுக் காயாது. அவள் இந்த முறை போட்டது வழக்கத்தில் அரைவாசிகூட இராது என்று அம்மா சொல்கிறாள். கார்த்திகையில் அந்த வீட்டில் என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கொடுத்தால் வாங்கமாட்டாள் என்பது மட்டும் தெரியும்.

தங்கச்சியின் கலியாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அடுத்த ஆவணிக்கு நீ விடுமுறையில் வா. வரும்போது அந்த வீட்டுக்கென்று சவர்க்காரம், சென்ட், நைலோன் சேலை ஒன்றும் கொண்டுவராதே. படலையில் நின்று மன்னிப்புக் கேட்டு உரையாற்றவும் வேண்டாம். நம் பரம்பரைக்கு உரையாற்றினால் என்ன வரும் என்பதைக் கண்டுவிட்டோம். விடிய எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் போகிற கூடலுக்கு நீயும் போ. குனிந்து பொறுக்கு. உன்னைக் கண்டதும் அவள் ஒதுங்கி, "பழத்தை எடுங்கோ தம்பி" என்று மரியாதையாக விலகினால், காரியம் கெட்டது என்று அறிந்துகொள். அப்படியானாலும் அடுத்த நாளும் போ. என்றைக்காவது ஒருநாள் ஒரே பழத்தில் இருவர் கையும் விழும். நீ விடாதே, இழு. அவள் உன்னை வாயில் வந்தபடி ஏசினால், ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு ஓடிவந்து என்னிடம் சொல். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா